மாத்திரைச் சீட்டுக்குப் பிறகு: மனநலச் செவிலியர் என்ன செய்கிறார்?

கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் தெருவுக்கு ஒரு நர்சிங் படித்த பிள்ளை இருக்கும். அதில் சிலர் அமெரிக்கா போய், பெயருக்குப் பின்னால் ‘சைக்கியாட்ரிக் நர்ஸ் பிராக்டிஷனர்’ என்று போட்டுக்கொள்கிறார்கள். ஊரில் இருக்கும் அம்மா, “எம் பொண்ணு அங்க மனநல டாக்டரு” என்கிறார். பாதி சரி. அங்கே செவிலியர் உரிமம் வாங்கியவர், மனநலத்தில் முதுகலையோ அதற்கு மேலோ படித்துத் தேர்வும் எழுதிவிட்டால், நோயாளியைத் தானே பரிசோதித்து, இன்ன நோய் என்று சொல்லி, மருந்தும் எழுதலாம். சில மாநிலங்களில் தனியாகவே செய்யலாம். சிலவற்றில் ஒரு மருத்துவரோடு ஒப்பந்தம் வேண்டும். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரேட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய படிப்புதான் இந்தப் பதவிக்கெல்லாம் தொடக்கம்.

நம் ஊரில் அப்படி மருந்து எழுதும் மனநலச் செவிலியர் கிடையாது. இங்கே அதை எழுதுகிறவர் மனநல மருத்துவர். நாலு வருட பிஎஸ்சி நர்சிங்கோ மூன்று வருட டிப்ளமோவோ முடித்து, அதற்கு மேல் மனநலத்தில் ஒரு வருட டிப்ளமோவோ இரண்டு வருட எம்எஸ்சியோ படித்த செவிலியரும் மருந்தின் அளவைத் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. அப்புறம் இவருக்கு என்னதான் வேலை என்று கேட்டால், ஊசி போடுவது, வார்டைப் பூட்டுவது என்று பதில் வரும்.

உண்மையில் மருந்து எழுதப் பத்து நிமிடம் போதும். எழுதிய மருந்து வீட்டுக்குப் போனபின் நடவு, வெயில், விரதம், டாஸ்மாக், கல்யாணப் பேச்சு என்று ஒவ்வொன்றோடும் உரசும். எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் செவிலியர். டெல்டாவில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை, இதைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

ஓபி நாள்

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. அதை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகும் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் அதைப் பெற்றது திருச்சி. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று ஒரு குழு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருந்துகொண்டு, கிழமைக்கு ஓர் ஊர் என்று தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போய்வரும்.

அந்த நாளில் காலை எட்டு மணிக்கே வராந்தா நிரம்பிவிடும். டாக்டர் அறைக்குள் போகுமுன் எல்லோரும் செவிலியரின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எடை, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு. மனசுக்குப் பார்க்க வந்த இடத்தில் இடுப்பை எதற்கு அளக்கிறார்கள் என்று சிலர் கோபப்படுவார்கள். காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவற்றை அடக்கக் கொடுக்கும் ஓலன்சபின் போன்ற மாத்திரைகள் பசியைக் கிளப்பிவிடும். எடையும் சர்க்கரையும் ஏறும். நோய் அடங்கி, சர்க்கரை வந்து சேர்ந்தால் வைத்தியம் பாதிதான் பலித்தது.

அளந்துகொண்டே கண்ணும் வேலை செய்யும். போன மாதம் தலை வாரிப் பூ வைத்து வந்த பெண் இன்று சீவாமல் வந்திருக்கிறார். எப்போதும் முதல் பெஞ்சில் உட்காரும் தம்பி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று உதட்டை அசைக்கிறான். பேச்சு வேகமா மெதுவா, சொல்வது கோவையாக வருகிறதா, இன்று என்ன கிழமை என்று தெரிகிறதா, காதில் குரல் கேட்கிறதா, தனக்கு நோய் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறாரா: இவற்றையெல்லாம் சாதாரணப் பேச்சுக்குள்ளேயே பார்த்துவிட வேண்டும். “என்னண்ணே, மோட்டார் ரிப்பேர்னு சொன்னீங்களே, சரியாயிடுச்சா?” என்ற கேள்விக்கு வரும் பதிலில் ஞாபகமும் மனநிலையும் தூக்கமும் சேர்ந்தே வந்துவிடும். நோட்டில் எழுதும்போது மட்டும் ‘பைத்தியம் அதிகம்’, ‘பரவாயில்லை’ என்றெல்லாம் எழுதக் கூடாது. கண்டது கண்டபடி, அவர் சொன்ன சொல்லிலேயே இருக்க வேண்டும். ‘பக்கத்து வீட்டுக்காரன் சுவத்துக்குள்ள உக்காந்து பேசுறான் என்கிறார்’ என்று எழுதினால் அடுத்த மாதம் வேறு செவிலியர் வந்தாலும் மாற்றம் தெரியும்.

“மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்பதுதான் இந்த மேசையில் கேட்கக் கூடாத கேள்வி. எல்லோரும் “ம்” என்பார்கள். “பையைக் கொட்டுங்க, எத்தனை பாக்கி இருக்குன்னு பாப்போம்” என்றால் மஞ்சப்பையிலிருந்து போன மாதத்து மாத்திரை அட்டை பிரிக்காமலே விழும். கூடவே தாயத்துக் கயிறு, நாட்டு மருந்துச் சூரணம், மருந்துக் கடையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரை எல்லாம் வரும். அந்த மூட்டுவலி மாத்திரையை எதற்குக் கவனிக்க வேண்டும் என்பது லித்தியம் பற்றிச் சொல்லும்போது புரியும்.

நல்லெண்ணெயில் கரைந்த மருந்து

தினசரி மாத்திரை போட மாட்டேன் என்பவர்களுக்கு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை போடும் ஊசி உண்டு. ஃப்ளூஃபெனசின் டெகனோயேட் அதில் பழையது, மலிவானது. மருந்தை நல்லெண்ணெயில் கரைத்திருப்பார்கள். எள் எண்ணெய்தான், நம் அடுப்படியில் இருப்பதே. தசைக்குள் போன எண்ணெயிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, வாரக்கணக்கில் வேலை செய்யும்.

எண்ணெய் என்பதால் போடும் முறையும் வேறு. சிரிஞ்சும் ஊசியும் ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும்; ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் மருந்து கலங்கிவிடும். சாதாரண மெல்லிய ஊசியில் எண்ணெய் ஏறாது, பருத்த ஊசி வேண்டும். புட்டத்தின் மேற்புறத் தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆழமாகக் குத்தி, மெதுவாகச் செலுத்தி, சில நொடி பொறுத்து எடுத்தபின் தோலை விட வேண்டும். விட்டதும் தோல் பழைய இடத்துக்கு நகர்ந்து துளையை மூடிக்கொள்ளும். எண்ணெய் பின்னால் கசியாது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. வீட்டுக்குப் போய் ஒத்தடம் கொடுத்துத் தேய்த்துவிடும் அம்மாக்களுக்கு இதை ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

இந்த வகை மருந்துகளின் பக்கவிளைவு ஒன்று குடும்பத்தையே நடுங்க வைத்துவிடும். ஹாலோபெரிடால் போன்றது தொடங்கிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ, கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கண் மேலே செருகி நிற்கும். நாக்கு தடித்து வெளியே தள்ளும். இளைஞர்களுக்கு இது அதிகம். பார்க்கிறவர்களுக்குப் பேய் பிடித்தது உறுதியாகிவிடும். “ஆஸ்பத்திரி மருந்துக்கு அது அடங்கல, இன்னும் மூர்க்கமாயிடுச்சு” என்று வேப்பிலை தேடுவார்கள். ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் சிறிது நேரத்தில் கழுத்து நேராகிவிடும். மருந்து தொடங்கும் அன்றே, “இப்படி ஆனா பயப்படாதீங்க, ராத்திரின்னாலும் நேரா இங்க வாங்க” என்று ஒரு வரி சொல்லிவிட்டால் அந்த வீடு மருந்தைக் கைவிடாது. சொல்லத் தவறினால் அந்த நோயாளி அப்புறம் வரவே மாட்டார். என் கணக்கில், ஒரு நாளில் செவிலியர் பேசும் பேச்சிலேயே விலை உயர்ந்தது அந்த ஒரு வரிதான்.

லித்தியமும் உப்பும் வெயிலும்

சில காலம் மனம் எல்லை மீறிக் கிளர்ந்தும் சில காலம் அடியோடு சோர்ந்தும் போகும் இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் டெல்டாவில் தனிக் கவனம் கேட்கும் மருந்து. இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. அதைத் தாண்டினால் நஞ்சு. இடைவெளி அவ்வளவு குறுகல். அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். ஆறு மணிக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தால், ஒன்பது மணி இரத்தத்தில் அளவு ஏறித்தான் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் நோய் திரும்பும். ஆகவே ஊசியைக் கையில் எடுக்குமுன், “காலைல மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டே ஆக வேண்டும்.

லித்தியம் உடம்பில் உப்போடு சேர்ந்து நடக்கும் சரக்கு. உப்பு குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். அதோடு லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். குறுவை நடவில் நாள் முழுக்க வேர்த்துக் கொட்டினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, உப்பில்லாப் பத்தியம் இருந்தாலோ அளவு மேலே போய்விடும். திருநாகேஸ்வரத்து உப்பிலியப்பனுக்கு நேர்ந்துகொண்டு திருவோணத்தன்று உப்பில்லாமல் சாப்பிடும் குடும்பங்கள் இங்கே உண்டு. ஒரு வேளை உப்பில்லாப் பிரசாதம் யாரையும் ஒன்றும் செய்யாது. நாள்கணக்கில் உப்பை ஒதுக்குவதும், தண்ணீர்கூடக் குடிக்காத விரதமும்தான் ஆபத்து. “சாமி கும்பிடுங்க அத்தை, உப்பை மட்டும் விட்டுடாதீங்க, தண்ணி நல்லா குடிங்க” என்றால் போதும். யாரும் முகம் சுளிப்பதில்லை.

அந்த மூட்டுவலி மாத்திரைக்கு வருவோம். குனிந்து நாற்று நட்ட இடுப்புவலிக்கு, கடையில் கேட்டதும் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே தள்ளுவதைக் குறைக்கும். பாரசிட்டமால் அப்படிச் செய்யாது. லித்தியம் ஏறியவர் கை உதறி, வாந்தி எடுத்து, நாக்குக் குழறி, தள்ளாடி வருவார். பஸ் கண்டக்டர் குடிகாரன் என்று இறக்கிவிடுவார். வீட்டில் ஒருவருக்காவது இந்த அறிகுறிகள் தெரிந்திருந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார்கள்.

வெயிலுக்கும் இதே கவனம் வேண்டும். குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு வெயில் பட்ட தோல் வெந்து கறுக்கும். கை உதறலுக்குச் சேர்த்துக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வேர்வையைக் குறைக்கும். வேர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடாது. அக்னி நட்சத்திரத்தில் உளுந்து பிடுங்கப் போகிறவருக்கு, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, பதினோரு மணிக்கு மேல் நிழல் என்று சொல்வதும் மனநல வைத்தியத்தில் சேர்ந்ததே.

மூன்றாம் நாள்

மற்ற வார்டுகளிலிருந்து மனநலப் பிரிவுக்கு வரும் போன்களில் ஒரு வகையை நேரத்தை வைத்தே சொல்லிவிடலாம். பைக்கில் விழுந்து கால் உடைந்து எலும்பு வார்டில் சேர்ந்தவர். முதல் நாள் ஒழுங்காக இருந்தார். இரண்டாம் நாள் கை நடுக்கம், வேர்வை, தூக்கமில்லை. மூன்றாம் நாள் ராத்திரி குளுக்கோஸ் டியூபைப் பிடுங்கி எறிந்துவிட்டு, படுக்கையில் பூச்சி ஊருகிறது என்று விரிப்பைத் தட்டுகிறார். மனைவியையே அடையாளம் தெரியவில்லை. “திடீர்னு பைத்தியம் புடிச்சிருச்சு” என்று வார்டு முழுக்கச் சேதி.

தினம் குடித்துப் பழகிய உடம்புக்குச் சாராயம் நின்றுபோனதால் வரும் குழப்பம் இது. கடைசியாகக் குடித்ததிலிருந்து முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இந்தக் குழப்பம் பெரும்பாலும் இரண்டாம் நாள் முடிவிலிருந்து நாலாம் நாளுக்குள் வரும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். செவிலியர் முதலில் கேட்பது, “கடைசியா எப்ப குடிச்சாரு?” மனைவிதான் சரியாகச் சொல்வார். நடுக்கத்தை அடக்க மருத்துவர் எழுதும் லோராசெபாம் அல்லது குளோர்டையசெபாக்சைடோடு தயமின் (பி1 வைட்டமின்) ஊசியும் போகும்; அதைக் குளுக்கோசுக்கு முன்னால் ஏற்ற வேண்டும். தயமின் வற்றிய உடம்பில் குளுக்கோசை மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். பிறகு அறையில் விளக்கைப் போட்டு வைத்து, தெரிந்த முகம் ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்து, “இது ஆஸ்பத்திரி, இன்னிக்கு வியாழக்கிழமை” என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கார்த்திகையில் இதுவே வீட்டுக்குள் நடக்கும். சபரிமலைக்கு மாலை போட்டு, வருடக்கணக்காகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவார். மூன்றாம் நாள் நடுங்கி, இல்லாததைப் பார்த்துப் பேசினால் “சாமி வந்திருக்கு” என்பார்கள். மாலை போடுவதற்குச் சில வாரம் முன்பே வந்தால் மருந்தின் துணையோடு பத்திரமாக நிறுத்திக் கொடுக்கலாம். ஐப்பசி ஓபியில் குடிப்பழக்கம் உள்ள வீட்டார் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

கோயிலும் சங்கிலியும்

திருச்சியிலிருந்து முசிறி போகும் வழியில், காவிரிக் கரையில் குணசீலம் பெருமாள் கோயில். மனநோய் உள்ளவர்களை அங்கே கூட்டிப் போய் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைக்கும் வழக்கம் பழையது. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் இதே நம்பிக்கையோடு வருகிறார்கள். போகாதே என்று சொல்கிற செவிலியரிடம் அந்தக் குடும்பம் அடுத்த மாதம் வராது. “48 நாளைக்கும் மாத்திரையைக் கணக்குப் பண்ணிக் கொடுத்துடுறேன், வேளாவேளைக்குப் போடுங்க, நடுவுல ஊசித் தேதி வருது, அன்னிக்கு மட்டும் வந்துட்டுப் போங்க” என்றால் இரண்டும் நடக்கும். வழக்கமான சாப்பாடும் தூக்கமும் வீட்டுச் சண்டையில்லாத இடமும் சிலருக்கு உண்மையிலேயே நல்லது செய்கின்றன என்பது என் எண்ணம்.

ஒத்துக்கொள்ள முடியாதது சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஆஸ்பத்திரியிலும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் துணிப்பட்டையால் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, ஆள் போதவில்லை என்பதற்காகவோ கூடாது. மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். ஏன், எவ்வளவு நேரம் என்று பதிய வேண்டும். நோயாளி தன் பிரதிநிதியாக நியமித்தவருக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பட்டை கட்டியிருக்கும் நேரம் முழுக்கப் பக்கத்தில் நின்று கை கால் நிறம், மூச்சு, தண்ணீர், சிறுநீர் எல்லாம் பார்ப்பது செவிலியர் வேலை. அதற்கு முன், கட்ட வேண்டியே வராமல் பேசி இறக்குவதில்தான் அனுபவம் தெரியும். எதிரே நேராக நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, கையைத் தெரியும்படி வைத்து, குரலைத் தாழ்த்தி, வாசலை மறைக்காமல், “தம்பி, சாப்பிட்டியா?” என்று தொடங்கினால் பல நேரம் கட்டுப்பட்டை அலமாரியிலேயே இருந்துவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி

2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகளை வேரோடு சாய்த்தது. வருடா வருடம் அந்தத் தேதி நெருங்கும்போது தூக்கம் கெடுவதும் நெஞ்சு படபடப்பதும் உண்டு. “மனசு பாரமா இருக்கு”, “கை கால் குடைச்சல்”, “எதுலயும் பிடிப்பு இல்ல” என்றுதான் சொல்வார்கள். அங்கே நிறுத்தாமல் செவிலியர் நேரடியாகக் கேட்க வேண்டும்: “செத்துப் போயிடலாம்னு தோணுதாங்க?” கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் அதற்காகவே காத்திருந்த மாதிரி அழுவார்கள். ஆமாம் என்றால் அன்று தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து பக்கத்து வீட்டுக்கோ பூட்டுக்குள்ளோ போனது உறுதியாக வேண்டும். முயன்று பிழைத்து வந்தவரைப் போலீஸ் கேஸ் என்று மிரட்டுவதும் இனி இல்லை. கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, தண்டிக்காமல் பராமரிக்க வேண்டும் என்கிறது அதே 2017 சட்டம்.

பிள்ளை பெற்ற வீட்டில் இன்னொன்று. பிரசவமான இரண்டு வாரத்துக்குள் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பார்த்துச் சந்தேகப்பட்டால், ‘சன்னி’ என்று காற்றுப் புகாத அறையில் வைத்திருக்காமல் அன்றே கூட்டி வர வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான அவசர நோய் இது. சரியான மருந்துக்கு நன்றாகக் குணமாகும்.

வராதவர் பட்டியல்

மதியம் ஓபி முடிந்ததும் நோட்டைப் புரட்டி, இன்று வர வேண்டியவர்களில் வராதவர்களுக்குப் போன் போடும் வேலை. நடவு, அறுப்பு, நூறு நாள் வேலை என்றால் வேறு தேதி கொடுத்துவிடலாம். “இனிமே வர மாட்டாங்க, போன் பண்ணாதீங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், பெரும்பாலும் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மாத்திரையை நிறுத்துவார்கள். கல்யாணக் கூட்டம், தூக்கமில்லாத இரவுகள், புது வீடு; நோய் திரும்புவதற்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. போய் நிற்கும் இடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது.

அம்மாவையும் பெண்ணையும் தனியாக உட்கார வைத்து, பேச்சு தொடங்கும்போதே எங்களிடம் சொல்லுங்கள் என்பதுதான் வழி. மனநிலையைச் சமமாக வைக்கக் கொடுக்கும் வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண் என்றால் இது இன்னும் அவசரம். கருவின் முதுகெலும்பும் மூளையும் உருவாகும் கட்டத்திலேயே அந்த மருந்து கெடுதல் செய்யும். கரு தங்குமுன்பே மருத்துவர் மாற்ற வேண்டும். பெண்ணுக்குத் தெரியாமல் மாப்பிள்ளை வீட்டாரிடம் செவிலியர் வாயைத் திறக்கக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பெண்ணே சொல்ல நினைத்தால், எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கச் செவிலியர் உடன் இருக்கலாம்.

முதல் முறை வருகிறவர்களுக்கு: வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், சூரணம் லேகியம் உட்பட, அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் தூங்கி எழுகிறவர் ஒருவர் உடன் வரட்டும். தூக்கம் எப்போது கெட்டது என்று அவருக்குத்தான் தெரியும். நேரில் வருமுன் பேச வேண்டும் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மனநல ஓபி எந்தக் கிழமை என்பது ஊருக்கு ஊர் மாறும். தாலுகா ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் ஜன்னலில் கேட்டால் சொல்வார்கள்.